மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டியில் நடுவராக நிற்பது எப்படி

தமிழில் 'நடுவர்' என்ற ஒரே சொல்லில் இரண்டு பேரை அடக்கிவிடுகிறோம். ரிங்குக்குள் நின்று சண்டையை நடத்துகிறவர் ரெஃப்ரி. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து புள்ளி எழுதுகிறவர் ஜட்ஜ். இரண்டும் வேறு வேறு வேலை. இவர்களோடு மணி அடிக்கும் டைம் கீப்பரும் டாக்டரும் இல்லாமல் ஒரு பவுட்டைக்கூட, அதாவது ஒரு சண்டையைக்கூட, தொடங்கக் கூடாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி மாவட்டங்களில் நடக்கும் போட்டிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஓசூரில் நாலைந்து வருடம் பயிற்சி எடுத்த பையனும், பென்னாகரம் பக்கம் பள்ளி மைதானத்தில் மூன்று மாதம் மட்டும் பஞ்ச் பழகிய பையனும் ஒரே எடைப் பிரிவில் எதிரெதிரே வந்து நிற்பார்கள். தேசியப் போட்டியில் சண்டை பெரும்பாலும் சமமாகப் போகும், அங்கே யார் ஜெயித்தார் என்று சொல்வதுதான் கஷ்டம். இங்கே ஜெயிப்பது யார் என்று முதல் முப்பது வினாடியிலேயே தெரிந்துவிடும். தோற்கிறவனை எப்போது வெளியே கொண்டுவருவது என்பதுதான் ரெஃப்ரியின் முன்னால் உள்ள கேள்வி. கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் படியுங்கள்.

விதிப் புத்தகம் எது

போட்டிக்கு முதல் நாள் நடக்கும் அதிகாரிகள் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது இதுதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் விதிப் பிரதிகள் பல பழையவை. 2023 ஜூனில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, அதுவரை உலகக் குத்துச்சண்டையை நடத்திவந்த ஐபிஏ-வின் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. அதே வருடம் வேர்ல்டு பாக்ஸிங் என்ற புது அமைப்பு வந்தது, இந்தியக் கூட்டமைப்பும் பிறகு அதில் சேர்ந்தது. அடிப்படை மாறவில்லை என்றாலும் கவுண்ட் வரம்பு (அடிபட்டவனுக்கு ரெஃப்ரி எத்தனை முறை எண்ணினால் சண்டை முடியும் என்பது), எடைப் பிரிவு, கார்னரில் எத்தனை பேர் என்பது போன்ற சில்லறை விஷயங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. எந்தப் பிரதி செல்லும் என்று தலைமை நடுவர் வாயால் சொல்ல வேண்டும். அதன் ஒரு அச்சுப் பிரதி ரிங் ஓர மேசையில் இருக்க வேண்டும். பிரிவுவாரியான கவுண்ட் வரம்பைத் தனிச் சீட்டில் எழுதி டைம் கீப்பர் முன்னால் ஒட்டிவிடுங்கள். சண்டையின் சூட்டில் அதை யாரும் புத்தகத்தில் தேட முடியாது.

வயதுப் பிரிவுக்குப் பிறந்த தேதி பார்க்க வேண்டாம், பிறந்த ஆண்டு போதும். போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து அதைக் கழியுங்கள். 15, 16 வந்தால் ஜூனியர், 17, 18 வந்தால் யூத், 19 முதல் 40 வரை எலைட். ஜூனியருக்கு இரண்டு நிமிட ரவுண்டு மூன்று, யூத்துக்கும் எலைட்டுக்கும் மூன்று நிமிட ரவுண்டு மூன்று. இடையே ஒரு நிமிடம் ஓய்வு எல்லோருக்கும் பொது. பிறப்புச் சான்றிதழை மூலப் பிரதியாகக் கேளுங்கள். ஆதார் மட்டும் கொண்டுவந்தால் பள்ளி மாற்றுச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எடை மேசை

சண்டை சச்சரவு அதிகம் வருவது ரிங்கில் இல்லை, எடை மேசையில்தான். முதலில் மருத்துவப் பரிசோதனை, அதில் தேறியவருக்குத்தான் எடை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாங்காய் மண்டியிலிருந்து இரவல் வாங்கி வரும் மின்னணுத் தராசு தப்பில்லை. ஆனால் அந்த வருட முத்திரை இருக்கிறதா, 100 கிராமாவது பிரித்துக் காட்டுகிறதா என்று பாருங்கள். முத்திரையிட்ட 20 கிலோ இரும்புக் கற்கள் மூன்றை வைத்து 60.0 காட்டுகிறதா என்று எல்லோர் கண் முன்னாலும் சோதியுங்கள். தராசு நிற்கும் தரை சமமாக இருக்க வேண்டும். மண் தரையில் விரித்த ஜமுக்காளத்தின் மேல் வைத்தால் பையன் நிற்கும் இடத்துக்கு ஏற்ப எடை ஆடும்.

பக்கத்தில் இன்னொரு தராசை ஒத்திகைக்கு வையுங்கள், இரண்டும் ஒரே எடை காட்ட வேண்டும். பையன்கள் அதில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கட்டும். அதிகாரபூர்வத் தராசில் ஏறுவது ஒரே முறை. ஐம்பது கிலோ என்றால் ஐம்பதுதான், ஐம்பதே கால் இல்லை. "சார், ஒரு நூறு கிராம்தான் சார், பாத்து எழுதுங்க" என்று கோச் கெஞ்சுவார். அந்த நூறு கிராமுக்காக ராத்திரியெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்த இன்னொரு பையன் வரிசையில் நிற்கிறான் என்பதை நினைவில் வையுங்கள். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடி எடை குறைத்தவன் உதடு வெடித்து, கண் உள்ளே போய் வருவான். எடை சரியாக இருந்தாலும் அவனைத் திரும்ப டாக்டரிடம் அனுப்புங்கள். பெண்கள் பிரிவுக்குத் தனி அறை, பெண் அதிகாரி.

எடை முடிந்ததும் குலுக்கல். பதினொரு பேர் இருந்தால் 2, 4, 8, 16 என்ற இரட்டிப்பு வரிசையில் அடுத்த எண் 16. 16-இல் 11 போக 5 பேருக்கு 'பை', அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்று. மீதி ஆறு பேர் முதல் சுற்றில் மூன்று பவுட். பிரிவில் மொத்தம் எத்தனை பவுட் என்பதற்கு ஆள் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் போதும். அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் உண்டு என்பதால் மூன்றாமிடச் சண்டை கிடையாது. ஒரு ஜூனியர் பவுட்டுக்கு மணிக் கணக்கு எட்டு நிமிடம்தான். ரிங்குக்கு ஏறுவது, கிளவுஸ் சோதனை, முடிவு அறிவிப்பு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் என்று போட்டால்தான் ராத்திரி கடைசி பஸ்ஸுக்குப் பிள்ளைகள் போய்ச் சேருவார்கள்.

ரிங்கை நடந்து பாருங்கள்

கயிறுக்குள் சதுரம் 6.10 மீட்டர். கயிறு நான்கு, கேன்வாஸிலிருந்து 40, 70, 100, 130 சென்டிமீட்டர் உயரத்தில். நான்கு கயிறையும் ஒவ்வொரு பக்கமும் இரண்டு இடத்தில் துணிப் பட்டையால் இணைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சாய்கிற பையன் இரண்டு கயிறுக்கு நடுவே வெளியே போய் விழுவான். டேப் அளவு முடிந்ததும் ஷூவோடு மேலே ஏறி, ஒவ்வொரு அடியாக முழுச் சதுரத்தையும் மிதித்து நடங்கள். வாடகைப் பலகை மேடைகளில் இரண்டு பிளைவுட் சேரும் இடம்தான் ஆபத்து. அங்கே அரை அங்குலப் பள்ளம் இருந்தாலும் கணுக்கால் போய்விடும். கேன்வாஸ் இழுவிசை குறைந்து சுருக்கம் விழுந்திருந்தால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். நாலு மூலையிலும் திண்டு வேண்டும்: ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், இரண்டு வெள்ளை. வெள்ளை மூலைகளின் வெளிப்பக்கத்தில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை தொங்கட்டும், ரத்தம் துடைத்த பஞ்சு அதில்தான் போக வேண்டும்.

ஷாமியானா போட்டு வெளியில் நடத்தினால் இன்னும் இரண்டு விஷயம். சாயங்காலம் லைட் போட்டதும் பூச்சி வந்து கேன்வாஸில் விழும், மிதிபட்டால் வழுக்கும். இரண்டு பவுட்டுக்கு ஒரு முறை துடைக்க ஆள் வையுங்கள். இரண்டாவது கரண்ட். மின்னணு டைமர், ஸ்கோரிங் கம்ப்யூட்டர் எது இருந்தாலும் மேசையில் இரண்டு ஸ்டாப்வாட்ச், ஒரு கை மணி, ஒரு விசில், அச்சடித்த ஸ்கோர் சீட்டு இருக்க வேண்டும். விளக்கு அணைந்தால் ரெஃப்ரி 'ஸ்டாப்' சொல்லி இருவரையும் வெள்ளை மூலைகளுக்கு அனுப்பி நிறுத்துவார். அந்த நொடியில் எத்தனை வினாடி மீதம் என்று டைம் கீப்பர் எழுதி வைப்பார்.

ஆம்புலன்ஸ் வாசலில் நிற்க வேண்டும், முகம் சாலையைப் பார்த்து. அதன் வழியில் பைக் நிறுத்த விடாதீர்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எந்த வழியாகப் போவது என்று டிரைவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒருவரை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பினால் அடுத்த வண்டி வரும்வரை போட்டி நிற்கும். இதில் அமைப்பாளர், சிறப்பு விருந்தினர், எம்எல்ஏ யார் காத்திருந்தாலும் சமரசம் இல்லை.

யார் எந்த பவுட்டுக்கு

மாவட்ட அளவில் எல்லோரும் யாருக்காவது கோச், மாமா, மச்சான். ஒரு கிளப்பின் பையன் ஆடும் பவுட்டில் அந்தக் கிளப்போடு தொடர்புள்ள யாரும் உட்காரக் கூடாது. ஆள் போதவில்லை என்றால் சேலம், திருப்பத்தூர், வேலூரிலிருந்து நாலு பேரைப் பஸ் காசு கொடுத்து வரவழைப்பது, போட்டி முடிந்தபின் புகார் மனுவுக்குப் பதில் எழுதுவதைவிடச் சுலபம். எந்த நாற்காலியில் யார் என்பதைப் பவுட்டுக்குச் சற்று முன்புதான் அறிவிக்க வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் பின் அங்கே பணியாற்றிய 36 ரெஃப்ரி, ஜட்ஜ்களையும் அன்றைய உலக அமைப்பு மொத்தமாக விலக்கி வைத்தது. சந்தேகம் அந்த அளவுக்குப் போகும்.

ரெஃப்ரி: பவுட்டுக்கு முந்தைய ஒரு நிமிடம்

வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, குதிகால் இல்லாத கறுப்பு ஷூ, மருத்துவ ரப்பர் கையுறை. மோதிரம், வாட்ச், பைக்குள் போன் எதுவும் வேண்டாம். ரெஃப்ரி கண்ணாடி போடக் கூடாது, லென்ஸ் போடலாம். ஜட்ஜ் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

பையன் கயிறைத் தாண்டியதும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஹெட்கார்டு கண்ணை மறைக்காமல், தாடைப் பட்டி இறுக்கமாக. எலைட் ஆண்களுக்கு 2013-இலிருந்து ஹெட்கார்டு இல்லை, பெண்களுக்கும் யூத், ஜூனியருக்கும் உண்டு. முகத்தில் வாஸ்லின் பளபளத்தால் துண்டால் துடைக்கச் சொல்லுங்கள். வாயைத் திறக்கச் சொல்லி மவுத்கார்டு பாருங்கள். சிவப்பு நிறம் கூடாது, ரத்தம் வந்தால் அடையாளம் தெரியாது. கிளவுஸின் டேப் நுனி பிய்ந்து நின்றால் எதிராளி கண்ணைக் கிழிக்கும். ஆண்களில் எடை குறைந்த பிரிவுகளுக்கு 10 அவுன்ஸ், கனமான பிரிவுகளுக்கு 12 என்பதால் இரண்டு ஜோடியும் ஒரே எடையா என்றும் ஒரு பார்வை. கப் (இடுப்புக்குக் கீழே அணியும் காப்பு) போட்டிருக்கிறானா என்று கேட்டால் பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள். தன் கிளவுஸாலேயே தட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெண்களுக்குக் கூந்தலில் ரப்பர் பேண்டு மட்டும், ஊசியோ கிளிப்போ கூடாது.

கட்டளை மூன்றே சொல்: ஸ்டாப், பிரேக், பாக்ஸ். தேன்கனிக்கோட்டைப் பையன் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவான், கிருஷ்ணகிரிப் பையன் உருதுவும் பேசுவான், அரூர்ப் பையன் தமிழ். மூன்று பேருக்கும் இந்த மூன்று சொல் ஒன்றுதான். 'டேய் விடுறா', 'தம்பி தள்ளிப் போப்பா' எல்லாம் ரிங்குக்குள் வேண்டாம். அழைக்க வேண்டுமானால் 'ரெட்', 'ப்ளூ'. பெயர் சொன்னால் தெரிந்த பையன் என்று ஜனம் பேசும்.

ரெஃப்ரி: கால்தான் வேலை

ஒரே தாவலில் இருவருக்கும் நடுவே புகும் தூரத்தில் இருங்கள். அதைவிடக் கிட்டே போனால் கை வீச்சில் மாட்டுவீர்கள், ஜட்ஜின் பார்வையையும் மறைப்பீர்கள். தள்ளி நின்றால் விழுகிறவனைப் பிடிக்க முடியாது. இருவரும் நீங்களும் ஒரு முக்கோணமாக, அவர்கள் நகர நகர நீங்களும் பக்கவாட்டில் சுற்றுங்கள். முதுகு கயிற்றில் ஒட்டுகிற நிலைக்கு வந்துவிடக் கூடாது. புதியவர்களின் வழக்கமான தப்பு, பந்தைப் பார்க்கிற மாதிரி கிளவுஸைப் பார்ப்பது. கண் அடிவாங்குகிறவனின் முகத்திலும் முழங்காலிலும் இருக்கட்டும். இடக்கையனும் வலக்கையனும் மோதும்போது முன்கால்கள் மிதிபடும், தலைகள் முட்டும். ஒருவன் தலையைக் குனிந்து உள்ளே வருவதை முதல் ரவுண்டிலேயே கண்டியுங்கள், மூன்றாவது ரவுண்டில் புருவம் கிழிந்தபின் கண்டித்துப் பயனில்லை.

'பிரேக்' என்றால் இருவரும் ஒரு அடி பின்னால் வைத்த பிறகே தொடர வேண்டும். பின்வாங்காமல் அடிப்பது ஃபவுல். ஆனால் ஒருவன் ஒரு கை விடுவித்து உடம்பில் ஒழுங்காகக் குத்திக்கொண்டிருந்தால் அது கட்டிப்பிடிப்பு இல்லை, அங்கே பிரேக் சொல்லி அவன் உழைப்பைக் கெடுக்காதீர்கள். கையால் பிரித்து இழுப்பதும் வேண்டாம். நீங்கள் இழுத்த கைப்பக்கம் அடி வாங்கினால் அந்தப் பழி உங்களுடையது.

ஃபவுலுக்கு முதலில் எச்சரிப்பு: 'ஸ்டாப்' சொல்லி, என்ன தப்பு என்று சைகையில் காட்டுவது. அது திரும்பத் திரும்ப வந்தால் முறையான வார்னிங். ஐந்து ஜட்ஜையும் பார்த்து நின்று, தப்பு செய்தவனைக் கையால் சுட்டி, தப்பின் சைகையைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வார்னிங்கும் எல்லா ஜட்ஜின் கணக்கிலும் ஒரு புள்ளி குறைக்கும், மூன்றாவது வார்னிங் தகுதி நீக்கம். பின்மண்டையில் குத்து, பெல்ட்டுக்குக் கீழே குத்து, உள்ளங்கைப் பக்கத்தால் அறைவது, கயிறைப் பிடித்துக்கொண்டு குத்துவது, இவை நம் பக்கத்துப் புதுப் பையன்களிடம் அடிக்கடி வரும். பின்மண்டைக் குத்துக்கு மட்டும் தாராளம் காட்டவே கூடாது.

கவுண்ட்

விழுந்தால் மட்டும் கவுண்ட் என்று நினைக்காதீர்கள். பலமான குத்து வாங்கி நின்றபடி தடுமாறுகிறவனுக்கும் எட்டு கவுண்ட் உண்டு. வரிசை இப்படி: 'ஸ்டாப்'. எதிராளிக்கு வெள்ளை மூலையைக் கையால் காட்டுவது. ஒரு வினாடி கழித்து 'ஒன்'. அடிபட்டவனும் வெள்ளை மூலையும் ஒன்றாகக் கண்ணில் படும்படி நின்று, ஒவ்வொரு எண்ணுக்கும் விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டுங்கள். டைம் கீப்பர் வினாடிக்கு ஒரு தட்டு மேசையில் தட்டுவார், உங்கள் எண்ணிக்கை அதோடு போகட்டும். பதற்றத்தில் எல்லோரும் வேகமாகத்தான் எண்ணுவார்கள். எதிராளி மூலையை விட்டு வந்தால் எண்ணுவதை நிறுத்தி, அவனைத் திருப்பி அனுப்பி, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மூன்றிலேயே எழுந்துவிட்டாலும் எட்டு வரை எண்ண வேண்டும். நடுவில் ரவுண்டு முடிந்து மணி அடித்தாலும் எண்ணிக்கை நிற்காது.

எட்டு சொன்ன நொடியில் முடிவெடுக்க வேண்டும். விரலைப் பின்தொடர்கிறதா கண்? கையைத் தானாக உயர்த்துகிறானா, கோச் கத்திய பின் உயர்த்துகிறானா? உங்களை நோக்கி இரண்டடி வரச் சொன்னால் நேராக வருகிறானா? ஒன்றில் தடுமாறினாலும் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காக வீசி முடித்துவிடுங்கள். மூன்று மாதப் பயிற்சிப் பையன் பதில் குத்தே இல்லாமல் தொடர்ந்து மூன்று சுத்தமான குத்து வாங்கினால் கவுண்டுக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. "ஏன் சார் நிறுத்துனீங்க, நல்லாத்தானே இருந்தான்" என்று கோச் கத்துவது, சரியான நேரத்தில் நிறுத்தியதற்குக் கிடைக்கும் சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளலாம்.

நினைவிழந்து விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் டாக்டரை அழையுங்கள். ரிங்கில் நீங்களும் டாக்டரும் மட்டும். கோச், அண்ணன், போட்டோகிராபர் யாரும் ஏறக் கூடாது. மவுத்கார்டை எடுப்பது, பக்கவாட்டில் திருப்புவது எல்லாம் டாக்டர் சொன்னபடி. முகத்தில் தண்ணீர் ஊற்றுவதும் தூக்கி உட்கார வைப்பதும் நம் ஊரில் பழக்கம். கழுத்து எலும்பில் அடி இருந்தால் அதுவே வினையாகும்.

வெட்டுக்காயம் வந்தால் அது குத்தாலா, தலை முட்டியா என்று உடனே சைகை காட்டுங்கள், பிறகு யாருக்கும் நினைவிருக்காது. முறையான குத்தால் வந்த காயத்துக்கு நிறுத்தினால் காயம்பட்டவர் தோற்பார். தற்செயலான முட்டலால் நிறுத்தினால் முடியாத அந்த ரவுண்டையும் சேர்த்துப் புள்ளியால் முடிவாகும். மொத்த பவுட்டும் அந்த ஒரு சைகையில் நிற்கிறது.

ஜட்ஜ் நாற்காலி

ரவுண்டில் ஜெயித்தவருக்கு எப்போதும் 10. தோற்றவருக்கு நெருக்கமாக இருந்தால் 9, தெளிவான வித்தியாசம் என்றால் 8, முழு ஆதிக்கம் என்றால் 7. சமமான ரவுண்டு என்று எழுத இடமில்லை. எண்ணிக்கைக்கு வரும் குத்து, கிளவுஸின் முட்டிப் பகுதியால் முகத்தின் முன், பக்கவாட்டில் அல்லது பெல்ட்டுக்கு மேல் உடம்பின் முன்பக்கம் தடையில்லாமல் பட்டது மட்டுமே. கையில் பட்டதற்கும் தோளில் பட்டதற்கும் ஒன்றுமில்லை. விழ வைத்தால் கூடுதல் புள்ளி கிடையாது. முதலில் சுத்தமான குத்துகள், அது நெருக்கமானால் உத்தியிலும் நுட்பத்திலும் ஆதிக்கம், அதுவும் நெருக்கமானால் போட்டி மனப்பான்மை. இந்த வரிசையில்தான் எடை போட வேண்டும். முன்னால் நகர்ந்துகொண்டே இருப்பவன் ஜெயிக்கிறான் என்பது கண் செய்யும் ஏமாற்று. அவன் நகர்ந்து வந்து வாங்கிக்கொண்டிருக்கலாம். சத்தமும் ஏமாற்றும். ஓசூர்ப் பையன் ஆடும்போது ஓசூர்க் கூட்டம் காற்றில் போன குத்துக்கும் கத்தும்.

1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்து பதித்தார், எதிராளி தென்கொரியாவின் பார்க் சி-ஹன் பதித்தது 32. தீர்ப்பு 3-2, பார்க்குக்கு. அதற்குப் பின்தான் பொத்தான் அழுத்தும் கம்ப்யூட்டர் ஸ்கோரிங் வந்தது, 2013-இல் அதுவும் போய் இந்தப் பத்துப் புள்ளி முறை வந்தது.

நடைமுறையில் மூன்றே ஒழுக்கம். ஒவ்வொரு ரவுண்டு முடிந்த 15 வினாடிக்குள் எழுதிச் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். மூன்று ரவுண்டும் முடிந்தபின் சேர்த்து எழுதினால் கடைசி ரவுண்டுதான் மனதில் நிற்கும். பக்கத்து ஜட்ஜிடம் பேசக் கூடாது, மணி அடித்ததும் அவர் முகத்தைப் பார்ப்பதும் பேச்சுதான். வார்னிங்கை நீங்களே உங்கள் ரவுண்டுக் கணக்கில் கழிக்காதீர்கள், ஓரத்தில் குறித்தால் போதும், மேசையில் ஒரு முறை கழிப்பார்கள். இரண்டு பேரும் கழித்தால் இரண்டு புள்ளி போய்விடும், சீட்டு முறையில் இது சாதாரணமாக நடக்கும் தப்பு.

ஒரு கணக்கு: ஒரு ஜட்ஜின் சீட்டில் ரெட் 10, 9, 10, மொத்தம் 29. ப்ளூ 9, 10, 9, மொத்தம் 28. மூன்றாவது ரவுண்டில் ரெட்டுக்கு ஒரு வார்னிங். இப்போது 28-28. டிரா இல்லை என்பதால் மொத்தச் சண்டையில் சிறந்தவர் யார் என்று அந்த ஜட்ஜ் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுச் சீட்டைக் கொடுத்தால் மேசை உங்களைத் திருப்பி அழைக்கும், அதற்குள் கூட்டத்தின் சத்தம் உங்கள் காதில் ஏறியிருக்கும்.

முடிந்தபின்

தலையில் குத்து வாங்கி நிறுத்தப்பட்டவர்களின் பட்டியலை டாக்டரோடு சேர்ந்து எழுதுங்கள். குறைந்தது 30 நாள் ஸ்பாரிங்கும் (பயிற்சிச் சண்டை) போட்டியும் கூடாது, நினைவிழந்திருந்தால் இன்னும் அதிகம். இதை வீரரின் மருத்துவப் புத்தகத்தில் தேதியோடு பதிந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதம் பக்கத்து மாவட்ட ஓப்பன் போட்டியில் அதே பையன் நிற்பான்.

அவன் ராத்திரி பஸ்ஸில் தனியாக அரூருக்கோ அஞ்செட்டிக்கோ போகக் கூடாது. கோச் கையில் ஒரு சீட்டு கொடுங்கள், தமிழில், நாலே வரி: வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் சரியாக எழாத தூக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது. இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108. சீட்டின் அடியில் கோச்சின் கையெழுத்தையும் வீட்டுக்காரர் ஒருவரின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்ட பிறகே மேசையை மடியுங்கள்.